குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்: பெரிய கீறல் இல்லாத சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டி

பெரியம்மாவின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் வந்த மாலை நன்றாக நினைவிருக்கிறது. பெருங்குடலில் கட்டி என்பது பத்து நாளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. அன்று புதிதாக வந்தது ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரி: கல்லீரலில் மூன்று இடங்களில் பரவல். முதலில் பார்த்த டாக்டர் வராந்தாவில் நின்றபடியே, "நாலாவது ஸ்டேஜ். கீமோ போட்டுப் பார்க்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார். பதினைந்து நாள் கழித்து வேறொரு ஊரில், கல்லீரல் அறுவை செய்யும் ஒரு நிபுணர் அதே படங்களைக் கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். "மூணையும் எடுத்துடலாம். வயித்தைப் பெருசா திறக்கவும் வேண்டாம்" என்றார்.

அப்படியொரு ரிப்போர்ட்டை இன்று கையில் வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு வருடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அந்த அலைச்சலில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்துகிறேன். கல்லீரலுக்குப் பரவிய எல்லோருக்கும் ஆபரேஷன் செய்ய முடியாது. முதல் ஸ்கேனிலேயே "எடுத்துவிடலாம்" என்ற நிலையில் இருப்பவர்கள் குறைவுதான். ஆனால் "முடியாது" என்ற முடிவைக் கல்லீரல் அறுவையை அன்றாடம் செய்கிற ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் பார்க்கும்வரை அந்த முடிவை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: ஏன் கல்லீரல் என்று புரிந்துகொள்வது

குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. சாப்பாட்டிலிருந்து உறிஞ்சியதையெல்லாம் சுமந்துகொண்டு, போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குடல் கட்டியிலிருந்து கழன்று வரும் செல்களும் அதே பாதையில் வந்து அங்கே தங்கிவிடுகின்றன. குடல் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு நோயின் ஏதோ ஒரு கட்டத்தில் இது நடக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. வேறு பல புற்றுநோய்களில் கல்லீரலுக்கு வந்துவிட்டது என்றால் உடம்பெங்கும் போய்விட்டது என்றே பெரும்பாலும் பொருள். குடல் புற்றுநோயில் பல சமயம் அது கல்லீரலோடு நின்றிருக்கும். அங்கிருப்பதை முழுசாக அகற்ற முடிந்தவர்களில் கணிசமானவர்கள் ஐந்து ஆண்டு, சிலர் பத்து ஆண்டு தாண்டியும் நன்றாக இருக்கிறார்கள். "நாலாவது ஸ்டேஜ்" என்ற ஒரே சொல்லுக்குள் இவர்களும் அடங்குகிறார்கள், எதுவும் செய்ய முடியாதவர்களும் அடங்குகிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கல்லீரலை 8 பகுதிகளாகப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். பிரான்ஸைச் சேர்ந்த குயினோ என்ற சர்ஜன் 1950களில் வகுத்த பிரிவு இது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி இரத்தக் குழாய், தனிப் பித்தக் குழாய். அதனால் ஒரு பகுதியை எடுத்தாலும் மற்றவை வேலை செய்யும். மீதமிருக்கும் ஈரல் சில வாரங்களில் பெருத்தும் விடும். இதை டாக்டர் விளக்கியபோது பெரியம்மா, "முருங்கை மாதிரின்னு சொல்லுங்க, ஒடிச்சா தழையும்" என்றார். உவமை நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு திருத்தத்தோடு: வெட்டிய கிளை இங்கே திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருக்கும் பகுதிதான் பருக்கிறது.

அதனால் எத்தனை கட்டி என்பதைவிட, எடுத்தபின் எவ்வளவு நல்ல ஈரல் மிஞ்சும் என்பதே பெரிய கேள்வி. ஆரோக்கியமான ஈரலாக இருந்தால் 20 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். நீண்ட நாள் கீமோ வாங்கிய ஈரலென்றால் 30, சுருங்கிக் கெட்டிப்பட்ட ஈரலென்றால் 40 சதவீதம் என்று பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: காகிதங்களைச் சேர்ப்பது

இது சின்ன வேலை போலத் தெரியும். எங்களுக்கு ஒரு வாரம் வீணானது இதில்தான்.

ஸ்கேனின் அச்சிட்ட ஃபிலிம் மட்டும் போதாது. படங்கள் முழுவதும் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். கல்லீரல் நிபுணர் அதைத்தான் ஓட்டிப் பார்ப்பார். கட்டிக்கும் இரத்தக் குழாய்க்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பது ஃபிலிமில் தெரியாது. நாங்கள் ஃபிலிம் உறையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், குறுந்தகட்டுக்காகத் திரும்பி வந்தோம்.

வேண்டியவை இவை: குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த கொலோனோஸ்கோபி ரிப்போர்ட், கட்டியிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட், மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் சேர்த்து மருந்து ஏற்றி எடுத்த சி.டி., கல்லீரலுக்கென்று தனி மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ., குடல் புற்றுநோய் இருந்தால் பல சமயம் எண் ஏறிக் காட்டும் சி.இ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, பிறகு பிலிருபின், ஆல்புமின், பிளேட்லெட், இரத்தம் உறையும் நேரம். எம்.ஆர்.ஐ. எல்லோரும் முதலிலேயே எழுதித் தருவதில்லை. சி.டி.யில் தெரியாத 1 செ.மீ.க்கும் சின்னப் புள்ளிகளை அது காட்டும் என்பதால், அறுவை பற்றிய பேச்சு வந்தவுடன் கேளுங்கள். நோயாளிக்குச் சர்க்கரை மாத்திரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஸ்கேன் மருந்து ஏற்றும் முன் சொல்லிவிட வேண்டும்.

பயாப்ஸி எடுத்த லேபில் உங்கள் திசுவை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். "பிளாக்" என்று கேட்டால் தெரியும். அதிலிருந்துதான் ராஸ், பிராஃப், எம்.எஸ்.ஐ. என்ற மரபணுச் சோதனைகளைச் செய்ய வேண்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இவை சொல்லும். ராஸ் மாறியிருந்தால் செட்டுக்ஸிமாப் என்ற விலை உயர்ந்த ஊசி பலன் தராது. எம்.எஸ்.ஐ. அதிகமாக இருந்தால் கீமோவுக்குப் பதில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியே முதல் தெரிவாகலாம். சோதனை முடிவு வர நாள் பிடிக்கும், அதனால் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஸ்கேனில் பார்த்தவுடன் கல்லீரல் கட்டியிலும் ஊசி போட்டு பயாப்ஸி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், "எடுத்துவிடக்கூடிய கட்டி என்றால் ஊசி அவசியமா?" என்று கேளுங்கள். ஊசி போன தடத்தில் செல்கள் சிந்தும் வாய்ப்பு உண்டு. குடலில் புற்றுநோய் உறுதியாகி, ஸ்கேனில் தோற்றமும் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. சந்தேகம் இருந்தால் மட்டும் எடுப்பார்கள்.

மூன்றாம் படி: சரியான ஆட்களிடம், கீமோ தொடங்கும் முன்

நால்வர் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது: கீமோ கொடுக்கும் ஆன்காலஜிஸ்ட், குடல் அறுவை நிபுணர், கல்லீரல் அறுவை நிபுணர், ஊசி வழியாகக் கட்டியைச் சுடும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். பெரிய மருத்துவமனைகளில் இவர்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் திரையில் போட்டுப் பேசுவார்கள். அதற்கு ட்யூமர் போர்டு என்று பெயர். "எங்கள் கேஸை ட்யூமர் போர்டில் வைத்தீர்களா? அங்கே கல்லீரல் சர்ஜன் இருந்தாரா?" இந்த இரண்டு கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள். நம் ஊரில் டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. மரியாதையாகக் கேட்டபோது யாரும் கோபிக்கவில்லை. கல்லீரல் நிபுணரைத் தேடும்போது சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ அல்லது கல்லீரல், பித்தப்பை, கணையம் மூன்றும் பார்க்கும் பிரிவைக் கேட்டுப் போங்கள்.

ஏன் கீமோவுக்கு முன்பே என்றால், இரண்டு காரணம் இருக்கிறது. கீமோ நன்றாக வேலை செய்தால் சின்னக் கட்டிகள் ஸ்கேனிலிருந்து மறைந்துவிடும். கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் மறைந்த இடத்தில் உயிருள்ள செல்கள் பல சமயம் மிச்சமிருக்கும். பிறகு அறுவை செய்கிறவருக்கு இடம் தெரியாது. முதலிலேயே அவர் பார்த்திருந்தால், மறைந்துபோகக்கூடிய கட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலோகக் குறியை ஊசி வழியாக வைத்துவிடலாம்.

இரண்டாவது, கீமோ ஈரலையும் தேய்க்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து அதிகம் போன ஈரல் நுண்குழாய் அடைத்து நீலம் பாரித்து நிற்கும். இரினோடெகான் என்ற இன்னொரு மருந்து போன ஈரலில் கொழுப்பு சேர்ந்து மஞ்சள் தட்டும். அறுவை மேஜையில் இரண்டும் தொல்லைதான். அதனால் அறுவைக்குத் தயாரான நிலை வந்தவுடன் கீமோவை நிறுத்தி, நான்கிலிருந்து ஆறு வாரம் ஈரலுக்கு ஓய்வு விடுகிறார்கள். கீமோவோடு பெவாசிஸுமாப் என்ற மருந்தும் கொடுத்திருந்தால் காயம் ஆறாது, இரத்தம் கசியும் என்பதால் சுமார் ஆறு வாரம் கட்டாயம். "இன்னும் நாலு சைக்கிள் போட்டுப் பார்ப்போம்" என்று நீண்டுகொண்டே போனால், எதற்காக என்று கேட்க வேண்டிய நேரம் அது.

நான்காம் படி: வழிகளைத் தெரிந்துகொள்வது

இதுதான் கட்டுரையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் வழி, துளை வழி அறுவை. லேப்ராஸ்கோபி என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். வயிற்றில் 5 முதல் 12 மில்லிமீட்டர் அளவில் நான்கைந்து துளைகள். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் போல உப்ப வைப்பார்கள். ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். அப்புறம் ஒரு சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியை உள்ளே விட்டு நேராக ஈரலின் மேலேயே வைத்து ஓட்டுவார்கள். கையால் தொட்டுப் பார்க்க முடியாத குறையை அது தீர்க்கிறது. ஈரல் இரத்தம் ஊறிய உறுப்பு என்பதால், உள்ளே வரும் குழாய்களைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்தி, மறுபடி இறுக்கி வேலை செய்கிறார்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த பிரிங்கிள் என்ற சர்ஜன் 1908-ல் எழுதிய முறைதான், இன்று கேமரா வழியாகவும் அதையே செய்கிறார்கள். வெட்டிய துண்டை உள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அடிவயிற்றில் சிசேரியன் கோடு மாதிரி ஒரு சின்னக் கீறல் வழியாக வெளியே எடுப்பார்கள். திறந்து செய்யும் அறுவையில் விலா எலும்புக்குக் கீழே ஒரு முழம் நீளக் கீறல் போட வேண்டியிருக்கும்.

இப்படிச் செய்வதால் கட்டி மிஞ்சிவிடாதா? எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை இதை நேராகச் சோதித்தது. 2012 முதல் 2016 வரை, குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய 280 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் துளை வழியாகவும் பாதிப் பேருக்குத் திறந்தும் செய்தார்கள். அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்கள் துளை வழியில் 19 சதவீதம், திறந்து செய்ததில் 31. மருத்துவமனையில் இருந்த நேரம் துளை வழியில் 53 மணி, திறந்து செய்ததில் 96 மணி. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் துளை வழியில் 54 சதவீதம், திறந்து செய்ததில் 55. அதாவது நோயை அகற்றுவதில் இரண்டும் சமம், உடம்பு படும் பாடு துளை வழியில் குறைவு. அந்த ஆய்வில் இருந்த இன்னொரு விஷயமும் முக்கியம்: ஈரலின் ஒரு பக்கத்தையே எடுக்காமல், கட்டியையும் அதைச் சுற்றிய கொஞ்சத்தையும் மட்டும் எடுத்து, நல்ல ஈரலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மிச்சம் வைத்தார்கள். ஏன் இது பெரிய விஷயம் என்று கடைசிப் படியில் தெரியும்.

எல்லா இடத்துக் கட்டியும் துளை வழிக்கு ஒத்துவராது. 7, 8-ம் பகுதிகள் உதரவிதானத்துக்கு அடியில், மேலேயும் பின்னாலேயும் ஒளிந்திருப்பவை. அங்கே கட்டி இருந்தால் அனுபவம் மிக்கவர்தான் துளை வழியாகப் போக முடியும். உங்கள் கட்டி எத்தனையாவது பகுதியில் என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரோபோ பற்றியும் கேட்பீர்கள். துளைகள் அதேதான்; சர்ஜன் பக்கத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து கைகளை இயக்குகிறார், செலவு கூடுதல். ரோபோ இருக்கிறதா என்று விசாரிப்பதைவிட, அந்த சர்ஜன் வருடத்துக்கு எத்தனை கல்லீரல் அறுவை துளை வழியாகச் செய்கிறார் என்று விசாரிப்பது மேல்.

இரண்டாவது வழி, ஊசியால் சுடுவது. மைக்ரோவேவ் அப்ளேஷன் என்பார்கள். பேனா ரீஃபில் அளவுகூட இல்லாத ஓர் ஊசியை, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி தோல் வழியாகக் கட்டியின் நடுவுக்குச் செலுத்துவார்கள். அதன் நுனியிலிருந்து வரும் நுண்ணலை, திசுவில் இருக்கும் நீரைச் சூடாக்குகிறது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் செல்கள் உடனே செத்துவிடும். ஒரு கட்டிக்குச் சுடும் நேரம் சில நிமிடங்கள்தான். கட்டியோடு நிறுத்தாமல் சுற்றிலும் 1 செ.மீ. அளவுக்கு நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட்டால்தான் ஓரத்தில் மிஞ்சாது. மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். அநேகமாக மறுநாள் வீடு. ரேடியோ அலை வைத்துச் சுடும் பழைய முறையும் இருக்கிறது.

இது அறுவையைவிட ஒரு படி குறைச்சல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். நெதர்லாந்தில் நடந்த கொலிஷன் என்ற ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. 3 செ.மீ.க்கு மேற்படாத கட்டிகள், மொத்தம் பத்துக்குள், கல்லீரலுக்கு வெளியே பரவல் இல்லை என்ற நிலையில் இருந்தவர்களை அறுவைக்கும் ஊசிக்குமாகக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதியில் கணக்குப் பார்த்தபோதே, உயிர் பிழைத்திருப்பதில் ஊசி பின்தங்கவில்லை, சிக்கல்களோ வெகு குறைவு என்று தெரிந்து, ஆட்களைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். முடிவுகள் 2025-ல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வந்தன.

எங்கே இது ஒத்துவராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி 3 செ.மீ. தாண்டினால் முழுசாகச் சுடுவது கடினமாகிறது. பெரிய இரத்தக் குழாயை ஒட்டியிருந்தால், ஓடும் இரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். கட்டி அரைவேக்காடாக நின்றுவிடும். முக்கியப் பித்தக் குழாய்க்கு அருகில் சுட்டால் குழாய் வெந்து சுருங்கும். முன்பு பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, சுட்ட இடத்தில் சீழ் கட்டும் அபாயம் கூடுதல், அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டையும் கலந்தும் செய்வார்கள். பெரியம்மாவுக்கு அப்படித்தான்: ஓரத்தில் இருந்த இரண்டை வெட்டி எடுத்தார்கள், நடுவே ஆழத்தில் இருந்த ஒன்றரை செ.மீ. கட்டியை அதே மயக்கத்தில் ஊசியால் சுட்டார்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துல்லியமாகக் குறிவைத்த கதிர்வீச்சு, அறுவையும் ஊசியும் முடியாத இடத்துக்கு. கல்லீரல் தமனி வழியாகக் கதிர்வீச்சு மணிகளை அனுப்புவது, பெரும்பாலும் கீமோ கைவிட்ட பிறகு. மிஞ்சும் ஈரல் போதாது என்றால், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் கிளையை ஊசி வழியாக அடைத்துவிட்டுச் சில வாரம் காத்திருப்பார்கள், மறுபக்கம் பருத்துவிடும். கல்லீரல் மாற்று இந்த நோய்க்குக் கூடாது என்றிருந்த காலம் போய், பிரான்ஸ் தலைமையில் 94 பேரை வைத்து நடந்த டிரான்ஸ்மெட் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. வெட்டி எடுக்கவே முடியாத பரவலில், கீமோவோடு மாற்று ஈரல் பெறும் குழுவில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 57 சதவீதம், கீமோ மட்டும் பெற்றவர்களில் 13. மிகக் கடுமையாகப் பொறுக்கி எடுத்த நோயாளிகள் அவர்கள் என்பதால் எல்லோரும் ஆசைப்பட முடியாது. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது.

பெரிய கட்டி, பல கட்டி, குழாயைச் சுற்றிய கட்டி என்றால் வயிற்றைத் திறந்து செய்வதே சரியான வைத்தியமாக இருக்கலாம். சின்னத் துளை வேண்டும் என்பதற்காக அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: எது முதலில்

குடல் கட்டி இன்னும் உள்ளே இருந்தால் மூன்று வரிசை உண்டு: குடல் முதலில், கல்லீரல் முதலில், இரண்டும் ஒரே நாளில். குடல் அடைத்துக்கொண்டாலோ இரத்தம் போய்க்கொண்டிருந்தாலோ குடலை முதலில் கவனித்தாக வேண்டும். கல்லீரல் பரவல்தான் எல்லை மீறப் பார்க்கிறது என்றால் அதை முதலில். இரண்டும் சிறிய அறுவை என்றால் ஒன்றாக. உங்களுக்கு எது, ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தயாராவது

தேதி குறித்தபின் கிடைக்கும் மூன்று நான்கு வாரம் பொன்னானது. புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம், மது அறவே வேண்டாம். தினம் அரை மணி நேரம் நடை. மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்கும், மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவியை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். அறுவைக்குப் பின் வலியில் புதிதாகக் கற்றுக்கொள்ள வராது. பெரியம்மா முதல் நாள் ஒரு பந்தைத்தான் தூக்கினார். மூன்றாவது பந்து எழுந்த அன்று தெருவில் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். சாப்பாட்டில் முட்டை, மீன், பயறு, தயிர் என்று புரதம் சேர்க்க வேண்டும். "கேன்சருக்கு இது ஆகாது" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் பத்தியங்களால் நோயாளி மெலிவதுதான் மிச்சம்.

கல்லீரல் என்றவுடன் யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவருவார்கள். அன்பால் வருவதுதான். ஆனால் ஈரலை வெட்டப்போகும் நேரத்தில் அதற்குள் என்னென்ன போகிறது என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், சத்துப் பொடி எதுவானாலும் சொல்லிவிடுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பணம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இருந்தால் மட்டும் போதாது, அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் போய், எழுதித் தந்த சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்ளேஷன் ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது, அதன் விலை தனியாக வரலாம். தனியார் காப்பீடு என்றாலும் இதே கேள்வி.

ஏழாம் படி: அந்த நாளும் அடுத்த வாரமும்

துளை வழியாகத் தொடங்கியதை நடுவில் திறந்து முடிக்க நேரலாம். கையெழுத்துப் போடும் காகிதத்திலேயே இது இருக்கும். இரத்தம் கட்டுப்படவில்லை, கட்டி எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்றால் சர்ஜன் எடுக்கும் நல்ல முடிவு அது. வெளியே காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பதறாமல் இருப்பார்கள்.

எங்களைத் தியேட்டர் கதவருகே கூப்பிட்டு, எடுத்ததை ஒரு ஸ்டீல் ட்ரேயில் வைத்துக் காட்டினார்கள். பழுப்புச் சிவப்பில் இரண்டு ஈரல் துண்டுகள். நர்ஸ் ஒன்றைத் திருப்பிக் காட்டியபோது, நடுவே வேகவைத்த கொண்டைக்கடலை அளவில் வெளுத்த ஒரு முண்டு. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காக எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தோம்.

மறுநாள் காலையே உட்கார வைத்து, மாலையில் நடக்க வைப்பார்கள். பாவம், விடுங்கள் என்று தடுக்காதீர்கள். நடக்காவிட்டால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். வயிற்றைவிட வலது தோள்பட்டை வலிக்கிறது என்று நோயாளி சொல்லலாம். உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஊசியால் சுட்டவர்களுக்கு முதல் சில நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் போடும் ஊசியைச் சிலருக்கு 28 நாள்வரை வீட்டிலும் தொடரச் சொல்வார்கள். வலிக்குப் பாராசிட்டமால்கூட எத்தனை என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் இவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்: குளிரோடு வரும் காய்ச்சல் அல்லது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, துளையில் பச்சை மஞ்சளாகக் கசிவு, கறுத்த மலம், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, பேச்சு தடுமாறிக் குழம்புவது.

பத்து நாளில் திசு ரிப்போர்ட் வரும். வெட்டிய ஓரத்தில் புற்று செல் இல்லை என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

எட்டாம் படி: கண்காணிப்பு

முதல் இரண்டு ஆண்டு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. பரிசோதனையும் சி.டி.யும், பிறகு ஐந்தாண்டு வரை இடைவெளி விட்டு. கட்டியை ஊசியால் சுட்டவர்களுக்கு முதல் ஸ்கேன் சில வாரத்திலேயே, முழுசாக வெந்ததா என்று பார்க்க. வருடம் ஒன்று ஆனதும் கொலோனோஸ்கோபி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்லீரல் கட்டியை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் எங்காவது திரும்புகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள். இது தெரியாமல் இருந்தால் அந்த நாளில் மனம் நொறுங்கிப்போகும். ஆனால் திரும்பியது கல்லீரலிலேயே சின்னதாக இருந்தால் மறுபடி வெட்டலாம், மறுபடி சுடலாம்; மூன்றாவது தடவையும் செய்கிறார்கள். முதல் தடவை நல்ல ஈரலை மிச்சம் வைத்தது இங்கேதான் உதவுகிறது. துளை வழியாகச் செய்திருந்தால் உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கொள்வதும் குறைவு, அடுத்த அறுவை சுலபமாகிறது.

பெரியம்மாவுக்கு பதினான்காம் மாதம் சி.இ.ஏ. 3-லிருந்து 9-க்கு ஏறியது. எம்.ஆர்.ஐ.யில் ஐந்தாம் பகுதியில் 1 செ.மீ. புள்ளி. நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மாதான் டாக்டரிடம், "அந்த ஊசியா, இல்ல ஓட்டையா?" என்று கேட்டார். ஊசிதான். செவ்வாய்க்கிழமை சேர்த்தோம், புதன் மதியம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டார். ஃபைலில் முதல் பக்கத்தில் தேதி வாரியாக நான் எழுதிவரும் சி.இ.ஏ. பட்டியலில் கடைசி எண் 2.4. அடுத்தது ஐப்பசியில்.